மிஃபாலா

பிஜித் தலைநகர் சுவாவின் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு மொழியியல் துறைக் கட்டடம்; மழை தகரக் கூரையை அறைகிறது. பக்கத்துத் தீவு நாடான வனுவாட்டுவிலிருந்து வந்த லெய்மாரா தன் முதுகலை ஆய்வேட்டைப் புரட்டுகிறாள். ஆங்கிலச் சொற்கள் கலந்து பிறந்த தங்கள் பிஸ்லாமா மொழியில் அம்மா பேசியதை அவள் கேட்டு எழுதிய பக்கமெல்லாம் சிவப்பு மை. "உடைஞ்ச இங்கிலீஷ்மா இது. திருத்திக் குடு, பாஸ் போட்டுடறேன்" என்கிறார் பேராசிரியர் ஹார்கிரீவ், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. 'யுமி', 'மிஃபாலா' இரண்டையும் அடித்துவிட்டு, 'வீ' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை எழுதியிருக்கிறார். லெய்மாரா அந்தச் சொற்களின் மேல் விரலை வைக்கிறாள். "யுமின்னா நாம, சார். மிஃபாலான்னா நாங்க." "அதுல என்ன பெரிய வித்தியாசம்?" அவள் ஆய்வேட்டை மூடி எடுத்துக்கொண்டு எழுகிறாள். "திருத்த மாட்டேன். மிஃபாலான்னு எங்கம்மா சொன்னா, அதுல நீங்க இல்ல, சார்."