பத்து நாள் தண்ணி தொடக்கூடாது

"விரலை என்னம்மா பண்ணித் தொலைச்சே?"

விசா அலுவலகத்தில் கைரேகை எடுக்கிற ஆள் அப்படிக் கேட்டதும், பம்பரம் என்று எல்லாரும் கூப்பிடுகிற அவள் விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நாலாவது தடவையாகக் கண்ணாடித் தகட்டில் கையை வைத்து அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு விளக்கு.

"ஒண்ணும் பண்ணலைய்யா. இது என் விரல்தான்."

"நீ சொன்னாப் போதுமா? மெஷின் சொல்லணும். பேரை மாத்திக்கிட்டுப் போறவங்கதான் ஆசிட்ல தேய்ச்சுக்கிட்டு வருவாங்க. நீ எதைத் தேய்ச்சே?"

"பாத்திரம்யா. இருபது வருஷமா பாத்திரம்தான்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்? ஊசி போட்டாயிற்று, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ரத்தமும் கொடுத்தாயிற்று. எல்லாம் நல்லபடியாக முடிந்து, போயும் போயும் விரல் காலை வாரிவிட்டதே!

அந்த ஆள் கொஞ்சம் இறங்கி வந்தான். "பத்து நாள் தண்ணி தொடாதே. சோப்புப் பக்கமே போகாதே. எண்ணெய் தடவிக்கிட்டு சும்மா உக்காரு, ரேகை திரும்பி வரும். அன்னிக்கும் விழலைன்னா ஃபைலை மூடிடுவோம், சொல்லிட்டேன்."

வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டாள். கடல் தாண்டி இருக்கிற ஒரே பெண். இப்போது ஏழாம் மாதம்.

"நீ வரலைன்னா நான் என்னம்மா பண்ணுவேன்? அவர் வேலைக்குப் போயிட்டா வீட்டுல நான் மட்டும்தான். போன தடவை வயித்துல குழந்தை அசையலைங்கறதே எனக்குத் தெரியலை. பக்கத்துல நீ இருந்திருந்தா..." அதற்கு மேல் பேச முடியாமல் மகள் அழுதாள்.

அன்றைக்கே வக்கீலம்மா வீட்டுப் பின்வாசலில் போய் நின்றாள். இருபது வருஷமாக அவள் வேலை பார்க்கிற ஒரே வீடு. 'பம்பரம்' என்று பேர் வைத்ததே அந்த அம்மாதான். ஒரு இடத்தில் நிற்க மாட்டாளாம். ஆறு பேர் சாப்பிடுகிற வீடு. போதாக்குறைக்கு, கேஸ் விஷயமாக வருகிறவர்கள் குடித்துவிட்டு வைக்கிற டீ கப் வேறு குவிந்து கிடக்கும்.

விஷயத்தைச் சொல்லிவிட்டு, "பத்து நாள் லீவு வேணும்மா" என்றாள். "கஷ்டம்னா சொல்லுங்க. காலையில வந்து பெரிய பாத்திரத்தை மட்டும் தேய்ச்சுட்டுப் போயிடறேன்."

வக்கீலம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் கடுகடுவென்று ஆனது.

"லீவெல்லாம் கிடையாது. இனிமே நீ வரவே வேண்டாம்."

"அம்மா!"

"வேற ஆள் பார்த்தாச்சு. உன்னைவிடச் சுத்தமாத் தேய்ப்பா. இந்தப் பக்கம் உன் தலையே தெரியக்கூடாது, போ!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"இருபது வருஷம் உழைச்சவளைக் கறிவேப்பிலையாத் தூக்கி எறிஞ்சுட்டாங்களே!" என்று புருஷன்காரர் பொருமினார். அவர்தான் சமைத்தார். உப்பே இல்லை. அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். வேலையும் போய், விசாவும் வராவிட்டால் என்ன கதி என்று நினைத்து, பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டாள்.

விடிந்ததும் ஜன்னலுக்குப் பக்கத்தில் விரலைத் தூக்கிப் பார்ப்பாள். வழவழவென்று இருக்கும். இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் தடவுவாள். நாலாம் நாள் பழக்க தோஷத்தில் தெருமுனை வரைக்கும் போய்விட்டாள். 'அங்கேதான் புதுசா ஒருத்தி வந்துட்டாளே' என்ற ஞாபகம் வந்ததும் சுருக்கென்றது. அப்படியே திரும்பி வந்தாள்.

பத்து நாள் ஆயிற்று.

மறுபடியும் விசா அலுவலகம். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தகட்டில் வைத்தாள்.

"கண்ணைத் திறம்மா. விழுந்துடுச்சு" என்றான் அந்த ஆள். "மத்த காகிதமெல்லாம் சரியா இருக்கு. இனிமே பயமில்லை, போ."

அழுகையும் சிரிப்புமாக வெளியே வந்தவளுக்கு, இடுப்பில் செருகியிருந்த பின்வாசல் சாவி உறுத்தியது. வக்கீலம்மா அதைத் திருப்பிக் கேட்கக்கூட இல்லை. நாமே கொடுத்துவிட்டு வருவோம் என்று ரோஷமாகத்தான் கிளம்பினாள். வாசலுக்கு வருவதற்குள் ரோஷமெல்லாம் கரைந்து, திட்டுவார்களோ என்று பயமாகிவிட்டது.

வக்கீலம்மாவே கதவைத் திறந்தார்.

"வராதேன்னு சொன்னேன்ல? சரி, என்ன ஆச்சு? விழுந்துச்சா?"

"பத்தும் விழுந்துடுச்சும்மா."

"அப்பாடா!" என்று அந்த அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பம்பரம் சாவியை மேஜையில் வைத்தாள். "புதுசா வந்தவங்ககிட்ட கொடுத்துடுங்க. அவங்களைக் காணோமே?"

"இருக்கா, இருக்கா. நீ உன் பொண்ணு நம்பரைச் சொல்லு. நானே அவகிட்ட சொல்றேன்."

போனை எடுத்துக் கட்டைவிரலை வைத்தார். திறக்கவில்லை. துணியில் துடைத்துவிட்டு வைத்தார். ம்ஹூம். ஆள்காட்டி விரலை வைத்தார். அதற்கும் அசையவில்லை.

"சனியன், நாலு நாளா என் விரலையே யாருன்னு கேக்குது" என்று முணுமுணுத்தவர், சட்டென்று கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

பம்பரம் விடவில்லை. அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, சோப்புப் பவுடர் வாசனை அடித்தது.

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த அம்மாவை அதட்டினாள்.

"பத்து நாள் தண்ணி தொடக்கூடாது, ஆமா! எண்ணெய் தடவிக்கிட்டு சும்மா உக்காருங்கம்மா."