எங்கட சீமெந்து

சீமெந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பைப் படையினர் திருப்பித் தந்தபோது தொழிற்சாலையில் ஓர் ஆணிகூட மிஞ்சியிருக்கவில்லை. அங்கே வேலை செய்த அருளம்பலத்தின் வீடும் இல்லை. அடுப்பெரிந்த குசினி இருந்த இடத்தில் படையினரின் பங்கர் ஒன்று மட்டும் கீறல் விழாமல் நின்றது. தொழிற்சாலைக் கிடங்கில் கிடந்த சீமெந்து மூட்டைகளை எடுத்துத்தான் அதைக் கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து அவர் அலவாங்குக் கம்பியால் இடித்துப் பார்த்தார். கைதான் கொப்புளித்தது.

“அசையாது. எங்கட சீமெந்தெல்லே,” என்றார் மனைவியிடம். குரலில் பழைய பெருமை எட்டிப்பார்த்தது.

இரத்தினேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பெருமை வேண்டிக்கிடக்கு! ஒரு நாளெண்டாலும் மண்ணைக் கலந்து விட்டிருக்கலாமே நீங்கள்?”

அவள் சுள்ளிகளைப் பொறுக்கிக்கொண்டு பங்கருக்குள் குனிந்து போனாள். சற்று நேரத்தில், துப்பாக்கி நீட்டும் துவாரத்தால் அடுப்புப் புகை வெளியே வந்தது.