மணல்குடிக்கு முன்னால்

எழுந்தார்.

மாநிலங்களவையில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவர், பேசுவதற்காக எழுந்தது இதுதான் முதல் தடவை. பதவி இன்றோடு முடிகிறது.

விடைபெறுகிறவருக்கு மூன்று நிமிடம். தமிழில் பேசப்போவதாக முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் தயார். எதிரே துறை அமைச்சரும் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு தயார்.

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. மணல்குடி உப்பளத்தைத் துறைமுகக் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது. மாதக் கடைசியில் வேலி போட வருகிறார்கள். அவையில் கேளுங்கள், நிறுத்திவைக்கிறேன் என்று அமைச்சரே நேற்று வாக்குக் கொடுத்திருந்தார்.

மேலே பார்வையாளர் மாடத்தில் தங்கபுஷ்பம். மணல்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவள். அமைச்சருக்குக் காட்டக் கொண்டுவந்த உப்புப் பொட்டலத்தை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாட்டின் பாதுகாப்பு அப்படி.

ஆனால் எடுத்த எடுப்பில் உப்புக்கு வந்துவிட முடியுமா? கட்சி மரபு என்று ஒன்று இருக்கிறதே. பட்டங்களோடு தலைவரை வணங்காமல் யாரும் வாய் திறப்பதில்லை.

இவருடைய மாவட்டத்திலிருந்தே முன்னொரு காலத்தில் சவரிராயன் என்று ஒருவர் இந்த அவைக்கு வந்தார். எழுந்தார். "எங்கள் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை" என்றார். உட்கார்ந்தார்.

ஊருக்குத் தண்ணீர் வந்தது.

சவரிராயனுக்கு மறுபடி சீட் வரவில்லை.

அந்தக் கதை இவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த சீட் யாருக்கு என்று தலைவர் இன்று மாலைதான் அறிவிக்கப்போகிறார்.

தொடங்கினார்.

"தென்னகத்தின் தேரே! ஏழைகளின் இமயமே!"

மொழிபெயர்ப்பு காதில் விழுந்ததும், தூங்கிக்கொண்டிருந்த இமாச்சல உறுப்பினர் திடுக்கிட்டு விழித்தார். தன் மலைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

தேர் நகர்ந்தது. கடல் வந்தது. சிங்கம் வந்தது. தலைவர் முடிந்து தலைவரின் தாயார். தாயாருக்குப் பின் மருமகன். மருமகனுக்கு வயதைவிடப் பட்டங்கள் அதிகம்.

அமைச்சர் காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பேசிக்கொண்டிருந்தவர் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். தங்கபுஷ்பம் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள். ஒரே ஒரு பட்டத்தைத் தாண்டிக் குதித்தார்.

"மணல்குடி..."

மணி அடித்தது. மைக் அணைந்தது.

வாய் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். அவைத்தலைவர் அவருடைய ஆறாண்டு அரும்பணியைப் பாராட்டினார்.

வெளியே வராந்தாவில் தங்கபுஷ்பம் ஓடிவந்தாள்.

"எய்யா, ஒரு வீட்டுல பொறந்தவுக, வாக்கப்பட்டவுக எல்லாரையும் சொல்லிட்டிய. எங்கள எப்பய்யா சொல்லுவிய? அந்தா மந்திரி போறாவ. ஒரு சத்தங் குடுங்க."

அமைச்சர் படியிறங்கிக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரம்தான்.

கூப்பிட இவர் கையைத் தூக்கினார்.

போன் அடித்தது. தலைவர் வீட்டு உதவியாளர்.

"அண்ணே, தலைவர் டிவில பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. 'அறிவுச் சுரங்கம்' எங்கண்ணே?"

தூக்கிய கை இறங்கியது.

"தம்பி, தம்பி... தலைவர்கிட்ட குடுங்க தம்பி."

கீழே கார்க் கதவு திறக்கும் சத்தம்.

தங்கபுஷ்பம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். லேசாகக் குனிந்தார். முதலிலிருந்து தொடங்கினார்.

இங்கே மணி அடிக்க யாரும் இல்லை.