இருவருக்கும் ஒரே பை

பொன்முடியில் தார்ச்சாலை முடிகிற இடத்தில், ஜீப்பின் பானட் மேல் பையைக் கவிழ்த்தான் கைலாஷ்.

காலையில் கீழே நகரத்தில், வலியசாலை வீட்டில் கட்டும்போது, இதற்குமேல் குறைக்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஏற ஏற அந்த நம்பிக்கை கரைந்துவிட்டது.

எதிரே தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை செங்குத்தாகப் போனது. அது முடிகிற இடத்தில் ஒரு புல்மேடு. இன்று ராத்திரி தங்கல் அங்கேதான்.

ஜீப்பை ஓட்டிவந்த பிஜி, எஸ்டேட்டில் டிரைவர். கைலாஷோடு பள்ளியில் படித்தவன். மேட்டில் தங்குவதற்கு மேனேஜரிடம் சொல்லி அனுமதி வாங்கித் தந்தவனும் அவன்தான். தானும் மேலேவரை கூட வருவதாக மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தான். வேண்டாம் என்றுவிட்டான் கைலாஷ்.

முன் இருக்கையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆஷாவுக்கு, அவன் கனம் குறைப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

வராமல் என்ன செய்யும்? கல்யாணமான புதிதில் அவனை முதன்முதலாக மலைக்கு அழைத்துப்போனவள் அவள். கல்லூரி நாளிலிருந்தே அவளுக்கு மலைப் பைத்தியம். வரி ஆலோசகர் அலுவலகத்தில் கணினிமுன் உட்கார்ந்தே பழகியிருந்த அவன், அன்று கொண்டுவந்த பையில் குக்கர் இருந்தது. ஜமக்காளம் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டைகூட இருந்தது.

பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் சாமான்களில் பாதியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். மீதி வழி முழுக்க அவள் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினான்.

காசு செலவில்லாமல் கனம் குறைக்கிற வித்தை எல்லாம் அவளுடையதுதான். பற்பசையை ஸ்ட்ராவில் கொஞ்சமாக நிரப்பி, இரண்டு முனையையும் மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிவிடுவாள். ஃபிளாஸ்க்குக்குப் பதில் குடித்துமுடித்த தண்ணீர் பாட்டில். கீழே விரித்துப் படுக்க, டிவி வாங்கிய பெட்டியில் சுற்றிவந்த குமிழ் பிளாஸ்டிக். கூடாரத்துக்குச் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய நீலத் தார்ப்பாய்.

நல்ல கூடாரம் ஒன்று வாங்க இருவரும் சேர்த்துவைத்த பணம் போன வருஷமே வேறு வழியில் போய்விட்டது.

ஒவ்வொன்றாக எடுத்து பிஜியிடம் கொடுத்தான் கைலாஷ். மாற்றுச் சட்டை. பெரிய டார்ச். அவன் அம்மா விஜயம் கடைசி நேரத்தில் திணித்த முறுக்கு டப்பா. இரண்டாவது தட்டு, ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம். மாத்திரைகளை அவன் தொடவில்லை. அவற்றை வீட்டிலேயே அட்டைப்பெட்டிகளிலிருந்து எடுத்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டியிருந்தான். ஆஷாவின் கம்பளியையும் தொடவில்லை.

தன் ஸ்வெட்டரை எடுத்து ஜீப்புக்குள் போட்டான்.

"அதை எதுக்கு எடுத்தாய்? ராத்திரி வெறச்சுப்போவாய்," என்றாள் ஆஷா.

"ஏறறச்சே சூடாயிடும். பின்னே உன் கம்பளி உண்டல்லோ."

மழைக்காலம் முழுக்க அவள் கேட்டது இது ஒன்றைத்தான். ஒரு ராத்திரி, கூரை இல்லாமல், மேலே படுத்துக் கிடக்க வேண்டும். மழை விடட்டும் என்று அவன் தள்ளிப்போட்டான். விட்டபிறகு, பனி குறையட்டும் என்றான். கேட்பதை அவளே நிறுத்திக்கொண்ட நாளில்தான் பயந்துபோய் பிஜிக்கு போன் செய்தான்.

பை இப்போது இரண்டு விரலில் மாட்டித் தூக்குகிற அளவுக்கு வந்திருந்தது. அதை அவன் முதுகில் போடவில்லை. மார்பில் மாட்டிக்கொண்டான்.

பிறகு ஜீப்பின் முன்கதவைத் திறந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக் குந்தினான்.

பிஜி அவள் கால்களைப் பதமாக எடுத்து, கைலாஷின் இடுப்புக்கு இருபுறமும் தொங்கவிட்டான். நடப்பதை அவை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு பழைய இரட்டை வேட்டியை அவள் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, கைலாஷின் தோளில் இறுக்கி முடிந்தான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இதற்காக அவன் பழகியிருந்தான். தினமும் விடிகாலையில், அவள் கண்விழிக்கும் முன், அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மொட்டைமாடிப் படிகளில் ஏறி இறங்கினான். ஆஸ்பத்திரியில் கடைசியாக எடை பார்த்தபோது அவள் எவ்வளவு இருந்தாளோ, அதே எடைக்கு அரிசியை அளந்து கட்டிய மூட்டை. விஜயத்துக்கு இந்தப் பயணத்தில் சம்மதமில்லை. ஆனாலும் ஒருநாள் அவனைப் படியில் பார்த்துவிட்டு உள்ளே போனவள், தோளில் தேய்த்துக்கொள்ளத் தைலக்குப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, மூட்டையோடு எழுகிற அதே வேகத்தில் எழுந்தான்.

உடம்பு சட்டென்று மேலே வந்துவிட்டது. முன்னால் சாயப்போனவனை பிஜி பிடித்து நிறுத்தினான்.

மூட்டை இத்தனை லேசாக இருந்ததில்லை.

கைலாஷ் பிஜியைப் பார்த்தான். பிஜி அந்தப் பக்கம் திரும்பி, கழற்றிப்போட்ட சாமான்களை அடுக்க ஆரம்பித்தான்.

காதோரம் அவள் மூச்சு பட்டது.

"கனம் உண்டா, கைலாஷ்?"

"உண்டு," என்றான். "நன்னா கனக்கறது."

மூச்சு வாங்குகிறவன்போல ஒரு கணம் நின்றுவிட்டு, மெதுவாக ஏறத் தொடங்கினான்.