மூன்று பேருக்கு அர்ச்சனை

"ஆரின்ரை பேருக்கு அர்ச்சனை? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார். தயாபரன் வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை.

போன வருடம் கிணற்றுக்கட்டில் வழுக்கித் தலையில் அடிபட்டதிலிருந்து இப்படித்தான். மாட்டுக்குத் தண்ணீர் வைக்க மறக்கமாட்டான். வீட்டு மனிதர்களின் பெயர்கள்தான் தொலைந்துபோயின.

பக்கத்தில் நின்ற மனைவி கிருசாந்தி வாயே திறக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

சுவிஸிலிருந்து முதல்நாள்தான் நாரந்தனைக்கு வந்திருந்த தங்கை மனோகரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே நொந்துபோயிருந்தாள். வீட்டு வாசல் படலையில் கண்டதும் அண்ணன் சிரித்தான், கையைப் பிடித்தான்; பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"மச்சாள், நீங்கள் சொல்லுங்கோவன்! சனத்துக்கு முன்னாலை ஏன் அவரைப் போட்டு வதைக்கிறியள்?"

"அவரே சொல்லட்டும்."

"உங்களுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையே?"

"நாங்கள் சொல்லிக் குடுத்தால் அடுத்த நிமிசம் போயிடும் மச்சாள். தானாத் தேடி எடுத்தால்தான் தங்குமெண்டு டொக்டர் சொன்னவர்."

ஐயர் நல்ல மனிதர். மணியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"தயாபரன்... பூராடம்." அவன் நெற்றியெல்லாம் வியர்வை. "மகள் கஜாலினி... சுவாதி."

பிறகு மனோகரியைத் திரும்பிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"தங்கச்சி... மனோகரி. ரேவதி."

"என்ரை பிள்ளையாரே!" மனோகரி விம்மி அழுதுவிட்டாள்.

அவன் இப்போது மனைவியைப் பார்த்தான். உதடு அசைந்தது. பெயர் வரவில்லை. அவளுடைய சேலைத் தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டான்.

"காணும் ஐயா, இவ்வளவும் போதும்," என்றாள் கிருசாந்தி. "மூண்டு பேருக்கும் செய்யுங்கோ."

அர்ச்சனை முடிந்தது. கிருசாந்தி கணவனை அழைத்துக்கொண்டு கோயில் வெளிவீதி சுற்றப் போனாள். மனோகரி அண்ணன் மகள் கஜாலினியின் காதுக்குள் சொன்னாள்:

"பாத்தியே பிள்ளை? என்னை மறக்கேல்லை. கொம்மாவின்ரை பேர்தான் வரேல்லை. ஆர் பாசமெண்டு பிள்ளையாருக்குத் தெரியும்."

கஜாலினி கொஞ்சம் தயங்கினாள்.

"இல்லை மாமி. நீங்கள் வாறியளெண்டு தெரிஞ்ச நாளிலையிருந்து மூண்டு மாசமா அம்மா உங்கடை படத்தைக் காட்டிக் காட்டி, பேரைத் தானாத் தேடி எடுக்க அப்பாவுக்குப் பழக்கினவ. ரெண்டு பேரைச் சேத்துப் பழக்கினா அவர் குழம்பிப்போறார். அதாலை தன்ரை பேரை விட்டிட்டா. உங்களுக்கு மனம் நோகக்கூடாதாம். தான் பக்கத்திலைதானே இருக்கிறன், பேந்து பாப்பமெண்டு சொன்னவ."

மனோகரிக்கு முகம் சிவந்தது. பிறகு நெஞ்சு நிறைந்தது. இப்படியொருத்தி அண்ணனுக்கு வாய்த்தாளே! ஓடிப்போய் இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டு ஐயரிடம் நீட்டினாள்.

"ஐயா, இன்னுமொரு அர்ச்சனை. என்ரை மச்சாளின்ரை பேருக்கு. கிருசாந்தி."

"நல்லது. நட்சத்திரம்?"

தலையில் ஒரு அடியும் படாத மனோகரி வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை.