பட்ரிசியாவின் வாக்குமூலம்

“எல்லாம் நீங்க சொன்னதுதான் அக்கா, சைன் போடுங்க” என்று கொன்ஸ்டபிள் பேனாவை நீட்டினான்.

பட்ரிசியா வாங்கவில்லை.

அவள் தமிழில் சொன்னது இதுதான். முந்தாநாள் கல்லடியில் அவர்களுடைய பறங்கியர் சமூகத்தில் ஒரு கலியாணம். தம்பி வேர்னன் அங்கே வயலின் வாசித்துவிட்டு, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். மணல் டிப்பர் லொறி ஒன்று பிழையான பக்கத்தால் வந்து அடித்தது. அவளுக்குக் கை முறிந்தது. வேர்னன் ஆஸ்பத்திரியில் வாய் திறக்க முடியாமல் கிடக்கிறான். கண்ட சாட்சி அவள் ஒருத்திதான்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் சொல்லி எழுதுவித்தது வேறு. பறங்கியர் கலியாணத்துக்குப் போனவன் குடிக்காமல் வருவானா? வெறியில் வந்து, நின்ற டிப்பரில் தானே மோதினான். அக்காவும் ஒப்புக்கொள்கிறாள்.

டிப்பர் முதலாளி மின்விசிறிக்குக் கீழே தேநீரோடு இருந்து அதைக் கேட்டுச் சிரித்தான். பட்ரிசியாவைக் கதிரையில் இரு என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்குக் கொஞ்சமாவது கை கூச வேண்டும். இன்ஸ்பெக்டருக்குக் கூசவில்லை. மாற்றலாகி வந்து ஒரு கிழமைதான்.

“என்ட வாக்குமூலத்தைத் தமிழில எழுதுங்க. ஏலாட்டி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்க.”

வாசல் பலகையில் மூன்று மொழியும் இருந்தன. உள்ளே ஒன்றுதான்.

இந்தச் சனத்துக்குச் சட்டம் மட்டும் நன்றாகத் தெரியும் என்றான் இன்ஸ்பெக்டர் முதலாளியிடம், சிங்களத்தில். கூப்பிடுவோம், அந்த ஆள் வந்து சேரப் பொழுது சாயும், அதுவரை நின்றால் கால் வலியிலேயே கையெழுத்துப் போடுவாள் என்றான்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் இலக்கம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. அதைப் பார்த்துத் தொலைபேசியில் எண்களை அழுத்தினான்.

பட்ரிசியாவின் கைப்பைக்குள் மணி அடித்தது.

அவள் அவசரப்படவில்லை. முறியாத கையால் எடுத்துக் காதில் வைத்தாள். அவனைப் பார்த்தபடியே சிங்களத்தில் பேசினாள். அவன் எழுதுவித்ததை முதல் சொல்லிலிருந்து ஒன்றும் விடாமல் அவனுக்கே ஒப்புவித்தாள். பொழுது சாயும் கதையையும் சேர்த்தாள்.

இந்த வழக்கில் தான் சாட்சி என்பதால் மொழிபெயர்க்க முடியாது என்றாள். வேறொருவரைத் தரும்படி நீதவானிடம் கேட்பதாகவும், காரணத்தையும் சொல்வதாகவும் சொன்னாள்.

டிப்பர் முதலாளி தேநீரைக் கீழே வைத்தான்.

வேர்னன் குடிப்பதில்லை என்பதை மட்டும் அவள் தமிழில் சொன்னாள்.