ஆளுயரக் காசோலை

ஹவுசிங் போர்டு மாலைப் பள்ளியில் ஒரு மேசைக்கு ஒரு கால் குட்டை. யார் எழுதினாலும் ஆடித் தொலைக்கும். எழுத்தெல்லாம் கோழி கிளறிய மாதிரி ஆகிவிடும். மேசைக்கு அதில் மகா வெட்கம்.

ஒருநாள் ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் வந்து, மாலை மரியாதையோடு ஆளுயர அட்டைக் காசோலையைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். காசோலை சுவரில் ஜம்மென்று சாய்ந்துகொண்டது.

"இனிமே கவலைய விடு. லைப்ரரி, கம்ப்யூட்டர், உனக்குப் புதுக்கால், எல்லாம் வந்தாச்சு!"

"எங்கங்க வந்திருக்கு?" என்றது மேசை, பவ்யமாக.

"நான் போட்டோவுக்கு வந்தவன். நிஜக் காசோலை பின்னாலேயே வருது."

மழைக்காலமும் வந்துபோனது. மேசை தினமும் வாசலைப் பார்த்தது. "டிராஃபிக்கா இருக்கும்" என்று சமாளித்தது காசோலை.

கடைசியில் ஜெசிமா என்ற சிறுமிக்குப் பொறுமை போய்விட்டது. காசோலையின் மூலையை அறக்கட்டளைத் தலைவர் கையெழுத்தோடு சேர்த்துக் கிழித்தாள். மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள்.

மேசை அசையவில்லை. ஜெசிமாவின் எழுத்து வரிசை கட்டி நின்றது.

"ஐயையோ!" என்று அலறியது மூலை போன காசோலை. "இப்பப் பாத்து போட்டோ எடுக்க ஒருத்தர்கூட இல்லையே!"